விமானத் தூரம் 480, சாலைத் தூரம் 640: எந்த எண்ணை நம்பித் திட்டமிடுவது?

கேள்வி: நான் செல்லவிருக்கும் நகரத்துக்கு விமானத் தூரம் 480 கிலோமீட்டர் என ஓர் இணையதளமும், 259 மைல் என ஒரு செயலியும் காட்டுகின்றன; சாலைத் தூரமோ 640 கிலோமீட்டர். எது சரி? விமானமா, காரா என முடிவு செய்ய எதை எடுத்துக்கொள்வது?

பதில்: மூன்றுமே சரியாக இருக்கலாம். செயலி காட்டுவது பெரும்பாலும் கடல் மைலாக இருக்கும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் 259 கடல் மைல் ஏறத்தாழ 480 கிலோமீட்டர் ஆகிறது, அதையே 1.609 கிலோமீட்டர் கொண்ட சாதாரண மைல் என்று எண்ணிப் பெருக்கினால் 417தான் வரும்.

ஆனால் அந்த 480 கிலோமீட்டரை எந்த விமானமும் அப்படியே பறப்பதில்லை. இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு, புவியின் வளைபரப்பில் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளத்தைக் கணக்கிட்டுச் சொல்வதே இத்தகைய தளங்களின் வேலை. புவியை முழுக் கோளமாகக் கொள்வதா, துருவங்களில் சற்றே தட்டையானதாகக் கொள்வதா என்பதைப் பொறுத்து விடை சுமார் அரை விழுக்காடு வரை மாறலாம். பயணிக்கு அது பொருட்டல்ல. பொருட்படுத்த வேண்டியது, வான்வெளித் தடை, வானிலை, ஓடுபாதையை அணுகும் திசை ஆகியவற்றுக்கேற்ப விமானம் விலகிச் செல்லும் தூரம். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஏறத்தாழ 9 மணி நேரமாக இருந்த பயணம் 13 மணி நேரம் வரை நீண்டது. தூரக் கணிப்பான்கள் காட்டும் எண் மட்டும் மாறவே இல்லை.

சாலைத் தூரம் நேர்கோட்டுத் தூரத்தைப் போல 1.2 முதல் 1.4 மடங்கு வரை இருப்பது இயல்பு. உங்கள் கணக்கில் அது 1.33 மடங்கு, ஐயப்பட ஏதுமில்லை. இடையில் நீர்ப்பரப்போ மலைத்தொடரோ குறுக்கிட்டால் இந்த விகிதம் பயன்படாது. பியூனஸ் அயர்ஸுக்கும் மான்டிவிடியோவுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான்; ஆனால் அகன்ற ஆற்றுமுகத்தைச் சுற்றிக்கொண்டு காரில் போனால் 500 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். ஆகவே வரைபடத்தைப் பார்க்காமல் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

விமானமா, காரா என்பதைத் தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து சேருமிடத்து வாசல் வரை ஆகும் நேரத்தைக் கணக்கிடுங்கள். 480 கிலோமீட்டரை ஜெட் விமானம் ஒன்றேகால் மணி நேரம் போலக் கடந்துவிடும். அதனுடன் நிலையத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டிய 2 மணி நேரம், இரு முனைகளிலும் சாலைப் பயணம், பெட்டிக்கான காத்திருப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் 5 மணி நேரத்தைத் தொடும். காருக்கு, வேகவரம்பால் தூரத்தை வகுக்க வேண்டாம். தடையற்ற நெடுஞ்சாலையில் சராசரி 90 கிலோமீட்டர் கிடைத்தால், 640 கிலோமீட்டருக்கு 7 மணி நேரமும் அதற்கு மேல் ஓய்வு நேரமும் ஆகும். ஊர்களின் ஊடே செல்லும் சாலையில் சராசரி 60-க்கு இறங்கிவிட்டால் 11 மணி நேரத்தை நெருங்கும். தனியாகச் செல்பவருக்கு விமானமே மேல் என்பேன். நான்கு பேரும் நிறைய சுமையும் இருந்து, சாலையும் முதல் வகையாக இருந்தால் கார் பொருந்தும்.

கணக்கிடும்போது ஊரின் பெயரை மட்டும் இடாமல், புறப்படும் தெருவையும் சேரும் தெருவையும் இடுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் இட்டால் நகர மையத்தையே புள்ளியாகக் கொள்வதால், பெருநகரங்களில் 30, 40 கிலோமீட்டர் வரை கூடக் குறைய வாய்ப்புண்டு.