பதினான்கு விநாடி வேகமா?

அன்புள்ள ஐயா,

பாராலிம்பிக் ஓட்ட வீராங்கனை பிரீத்தி பால் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தவறாக நினைக்க வேண்டாம். நூறு மீட்டரை 14.21 விநாடியில் பள்ளிப் பிள்ளைகளே ஓடிவிடுவார்கள். அவருடைய மன உறுதியைப் பாராட்டலாம், சரி. அதை வேகம் என்று எப்படிச் சொல்வது?

ம.

அன்புள்ள ம.,

எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. வெளியே கேட்கத்தான் கூச்சம்.

பிரீத்தி ஓடுவது டி35 என்ற பாரா ஓட்டப் பிரிவில். பெருமூளை வாதத்தால் (மூளைப் பாதிப்பால் தசைக் கட்டுப்பாடு குறையும் நிலை) இரு கால்களிலும் தசை இறுக்கம் உள்ளவர்கள் பெரும்பாலும் இதில்தான் வருவார்கள். ஓடும்போது ஒரு தசை சுருங்க, எதிர்த்தசை விட்டுக்கொடுக்க வேண்டும். இவர்களுக்கு அது எளிதில் விட்டுக்கொடுக்காது. போதாததற்கு, எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவு வலுவாக எதிர்த்து இறுகும். நடையைவிட ஓட்டத்தில் தொல்லை அதிகம் என்பது இதனால்தான். அதிகம் முயன்றால் அதிக வேகம் வரும் என்ற நம் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கே உடம்பு திடுக்கிட்டு விறைத்துக்கொள்வதும் உண்டு.

ஆகவே 14.21-ஐப் பள்ளி மைதானத்தோடு ஒப்பிடாதீர்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இதே பிரிவின் நூறு மீட்டரில் தங்கம் வென்ற சீனாவின் ஜோ சியாவுக்கு 13.58. டோக்கியோவில் அவர் வைத்த உலக சாதனை 13.00. பாரிஸில் பிரீத்தி 14.21-இல் வென்ற வெண்கலத்தை இவற்றோடு வைத்துப் பாருங்கள். பாராலிம்பிக் ஓட்டத்தடத்தில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். இரண்டு நாள் கழித்து 200 மீட்டரிலும் வெண்கலம், 30.01.

இந்த இரண்டாவது எண்தான் எனக்குச் சுவாரசியம். உசேன் போல்ட்டின் 200 மீட்டர் சாதனை 19.19, அவரது நூறு மீட்டர் சாதனையின் இரட்டிப்பு 19.16. கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரீத்திக்கு இரட்டிப்பு 28.42 வர வேண்டும். ஒன்றரை விநாடிக்கு மேல் கூடிவிட்டது. களைப்பு ஏற ஏற இறுக்கமும் ஏறுவதன் விலை அது என்று நினைக்கிறேன்.

சிறு வயதில் எட்டு ஆண்டு காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) அணிந்த கதையைச் செய்திகள் போதுமான அளவு சொல்லிவிட்டன. 2025-இல் டெல்லி உலக பாரா தடகளப் போட்டியில் அவர் நூறு மீட்டரில் வெள்ளி வென்றார், நேரம் 14.33. பதக்கம் உயர்ந்தது, ஓட்டம் பாரிஸைவிட மெதுவானது. ஏன் என்று கேளுங்கள். அவரை ஓட்டக்காரராக மதிக்கிறவர் கேட்கிற கேள்வி அதுதான்.