நெட்டி எடுக்க மறுத்தவர்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. பன்னிரண்டு ஆண்டுகளாக முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுகிறார். அதில் ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு. இரண்டு மாதமாகக் கழுத்துவலி. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அழைத்துப் போனேன். முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார், விரல்களின் பலத்தைப் பார்த்தார், நடக்கச் சொன்னார். நெட்டி எடுத்துவிடச் சொன்னால், "முதலில் வாதநோய் மருத்துவரைப் பார்த்து எக்ஸ்ரே எடுத்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். முடிதிருத்தும் கடையில்கூட எடுக்கிறார்களே, இவருக்குக் கைவேலை தெரியாதா?

- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கைவேலை தெரிந்தவர் என்பதால்தான் மறுத்திருக்கிறார், அம்மா. இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்கிறவள் சொல்கிறேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.

கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளை ஒரு சிறு தசைநார் இழுத்துக் கட்டியிருக்கிறது. நாள்பட்ட முடக்குவாதம் அந்தக் கட்டைத் தளர்த்திவிடக்கூடும். அதற்குப் பின்னாலேயே தண்டுவடம் ஓடுகிறது. ஸ்டீராய்டு வேறு எலும்பை மெலியச் செய்யும். இப்படிப்பட்ட கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் என்ன ஆகும் என்பதை எழுதவே எனக்குக் கை வரவில்லை.

எங்கள் கைவேலையில் படிகள் உண்டு. ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெயிட்லண்ட் வகுத்த முறையில் முதல் நான்கு படிகளும் மூட்டை மெல்ல அசைத்து அசைத்துத் தளர்த்துபவை. நோயாளி "போதும்" என்றால் அந்த நொடியே கையை எடுத்துவிடலாம். ஐந்தாவதாகச் சொல்லப்படுவதுதான் நீங்கள் கேட்ட நெட்டி. அது அவ்வளவு வேகமானது, நடுவில் நிறுத்த முடியாது. "டக்" என்ற சத்தம் விலகிய எலும்பு இடத்தில் உட்காரும் சத்தமும் அல்ல. மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழியால் வருவது. சத்தத்துக்கும் குணத்துக்கும் முடிச்சுப்போடாதீர்கள்.

படித்து முடித்த புதிதில் எனக்கும் கைதான் பெரிது என்ற நினைப்பு இருந்தது. இடுப்புவலியோடு வந்த ஒரு லாரி ஓட்டுநரைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டேன். அவராகப் பேச்சுவாக்கில், இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாக இறங்கவில்லை, கால் கழுவும்போது அங்கே உணர்ச்சியே தெரியவில்லை என்றார். முதலில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இடுப்பின் நரம்புக் கற்றை நசுங்குவதற்கான அறிகுறி என்று புரிந்ததும் கையை எடுத்தேன். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு கேள்வி கேட்காமல் யார் முதுகிலும் நான் கை வைத்ததில்லை.

வாதநோய்க்கு மருந்து எழுதுவதோ மாற்றுவதோ எங்கள் வேலை அல்ல. எது எங்கள் கைக்கு அடங்காதது என்று கண்டுபிடித்து உரியவரிடம் அனுப்புவது எங்கள் வேலை.

அம்மாவுக்குக் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். பக்கவாட்டில் எடுக்கும் அந்தப் படங்களில்தான் தளர்ச்சி தெரியும். அதற்குள் குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் இருந்தாலோ, ரவிக்கைக் கொக்கி மாட்ட விரல் ஒத்துழைக்காவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கழுத்து உறுதியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், அந்தப் படங்களோடு அதே பிசியோதெரபிஸ்டிடம் திரும்பிப் போங்கள். தலையணை உயரத்திலிருந்து தோள்பட்டைப் பயிற்சி வரை அவர் சொல்லித்தருவார். முடிதிருத்தும் கடைப் பக்கம் மட்டும் அந்தக் கழுத்தைக் கொண்டுபோகாதீர்கள்.