‘அணக்கரை’ என்று அடித்தால் மெயில் ஏன் மாயமாகிறது?

கேள்வி: வண்டன்மேட்டில் ஏலக்காய்க் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். மெயில் பார்க்கத் தண்டர்பேர்டு என்ற சாஃப்ட்வேர்தான். கீபோர்டில் ஏதாவது தட்டினால் சில மெயில்கள் காணாமல் போய்விடுகின்றன. கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். “அவுட்லுக் வாங்கிப் போடுங்க, எந்த ஷார்ட்கட்டையும் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்” என்கிறார். ஆறாயிரம் ஆகுமாம். முதலாளியிடம் கேட்கட்டுமா சார்?

பதில்: கேட்காதீர்கள் தம்பி, திட்டுதான் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

தண்டர்பேர்டில் மெயில் பட்டியல் மேல் கிளிக் செய்திருக்கும்போது ஒற்றை எழுத்தே கட்டளை. அணக்கரை பார்ட்டியின் மெயிலைத் தேட நினைத்து, தேடல் பெட்டியில் கர்சரை வைக்காமல் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் (Anakkara) அடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். எட்டு எழுத்தில் நாலு ‘ஏ’. ஒவ்வொரு ‘ஏ’-வும் ஒரு மெயிலைத் தூக்கி, பழைய மெயில்களைப் பத்திரப்படுத்தும் ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டரில் போடும். ‘என்’ அடுத்த படிக்காத மெயிலுக்குத் தாவும். ‘ஆர்’ அந்தத் திரெட் முழுவதையும், அதாவது ஒரு மெயிலையும் அதற்கு வந்த பதில்களையும் சேர்த்து, படித்ததாக்கும். ‘கே’தான் பெரிய வில்லங்கம், திரெட்டையே கண்ணில் படாமல் ஒதுக்கிவிடும்.

ஆக, எதுவும் அழியவில்லை. ஆர்க்கைவ்ஸுக்குள் ஆண்டுவாரியாகப் பாருங்கள், இருக்கும். தட்டிய கையோடு தெரிந்துவிட்டால் கன்ட்ரோல் இசட் போதும். ‘கே’ ஒதுக்கியதைப் பார்க்க வியூ மெனுவில் திரெட்ஸ், அதில் இக்னோர்டு திரெட்ஸ்.

இனி நடக்காமலிருக்க: அக்கவுண்ட் செட்டிங்ஸில் ‘காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ பக்கத்தில் ஆர்க்கைவுக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். ‘ஏ’ செத்துவிடும். கடைக்கு இரண்டு மெயில் ஐடி இருந்தால் இரண்டிலும் எடுக்க வேண்டும், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

மற்ற எழுத்துகளை மாற்றத் தண்டர்பேர்டுக்குள் இடமே இல்லை, அது உண்மைக் குறைதான். ஆனால் டிபிகீஸ்-லைட் (tbkeys-lite) என்ற ஆட்-ஆன், அதாவது தண்டர்பேர்டோடு சேர்த்துக்கொள்ளும் துணை சாஃப்ட்வேர், இலவசமாகக் கிடைக்கிறது. அதன் செட்டிங்ஸில் ‘அன்செட் சிங்கிள்ஸ்’ பட்டனை அழுத்தினால் ஒற்றை எழுத்துக் கட்டளைகள் அத்தனையும் போய்விடும். வேண்டியதை மட்டும் நீங்களே எழுதிச் சேர்க்கலாம். தண்டர்பேர்டு புதிய பதிப்புக்கு மாறும்போது இது சில நாள் முரண்டு பிடிக்கலாம், அதனால் ஏலத்துக்கு முந்தின நாள் அப்டேட் பண்ணாதீர்கள்.

அவுட்லுக்கும் கடைக்காரர் சொல்வது போல் இல்லை. பழைய அவுட்லுக்கில் குவிக் ஸ்டெப்ஸ் என்ற வசதியில், நீங்கள் அமைக்கும் வேலைகளுக்குக் கன்ட்ரோல் ஷிஃப்ட்டோடு 1 முதல் 9 வரை கொடுக்கலாம், அவ்வளவே. புதிய அவுட்லுக்கில் ஜிமெயில் பாணி ஷார்ட்கட்டுக்கு மாறிக்கொள்ளலாமே தவிர, ஒவ்வொரு கீயாக மாற்ற முடியாது. வேறு காரணத்துக்கு அவுட்லுக் தேவையென்றால் வாங்குங்கள், இதற்காக வேண்டாம்.

அடுத்த முறை கம்பம் இறங்கினால் அவர் கம்ப்யூட்டரிலேயே கேளுங்கள்: “அண்ணே, புது மெயிலுக்கான ‘கன்ட்ரோல் என்’ ஷார்ட்கட்டை வேற கீக்கு மாத்திக் காட்டுங்க, பாத்துட்டுப் பணம் தர்றேன்.”