கார் ஆயில் குடிக்கிறதா? ரீபோருக்குக் கொடுக்கும் முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

வடசென்னை கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2012 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர். போன வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் எண்ணூர் பக்கம் வேலைக்குப் போய் வருகிறேன். 1,500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. கீழே ஒழுகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. பிக்கப் நன்றாகவே இருக்கிறது. மெக்கானிக் 'ரிங் போச்சு, ரீபோர் பண்ணணும்' என்கிறார். செய்துவிடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு ரிங்கைவிட (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) வால்வு சீல் மீதுதான் சந்தேகம். ரீபோர் என்றால் போரை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளையை, குடைந்து பெரிதாக்குவது. ஒருமுறை குடைந்துவிட்டால் பழைய அளவு திரும்பி வராது. அதனால் அது கடைசியில் எடுக்க வேண்டிய முடிவு.

புகை வருகிறதா என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். வால்வுத் தண்டின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் ரப்பர் சீல், வருஷங்கள் போகப் போகச் சூட்டில் இறுகிக் கல்லாகிவிடும். ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் தங்கிய ஆயில் அந்த இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். காலையில் சாவியைத் திருப்பினால் அது எரிந்து நீலப் புகையாக வரும், ஐந்து நிமிஷத்தில் அடங்கும். ரிங் தேய்ந்த வண்டி இப்படி நடக்காது. அது சூடான பிறகும் விடாமல் புகைக்கும், மேடேறும்போதும் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் அதிகமாகும், இழுவையும் குறையும்.

உங்கள் வழியிலேயே இதைச் சோதிக்கலாம். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் இன்ஜினை அணைக்காமல் பத்து நிமிஷம் நிற்பீர்கள் அல்லவா? அந்த நேரத்தில் இன்டேக் பக்கம் (காற்று உள்ளே போகும் வழி) வெற்றிடம் அதிகம், சீல் வழியாக ஆயிலை உறிஞ்சும். வரிசை நகர்ந்து நீங்கள் மிதிக்கும் அந்த ஒரு நொடியில் பின்னால் குப்பென்று புகை வந்தால் சீல். மூலக்கடை மேம்பாலத்தில் கியரிலேயே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபடி இறங்கி, அடியில் மறுபடி மிதித்துப் பாருங்கள். அங்கேயும் இதே கதைதான். கண்ணாடியில் தெரியாவிட்டால் பின்னால் பைக்கில் ஒருவரை வரச் சொல்லுங்கள்.

அடுத்து ஸ்பார்க் பிளக். நாலையும் கழற்றி எந்த சிலிண்டர் என்று எழுதி, வெள்ளைத் துணியில் வரிசையாக வையுங்கள். நல்ல பிளக்கின் நுனி காய்ந்து, பழுப்பு மணல் நிறத்தில் இருக்கும். ஆயில் எரியும் சிலிண்டரின் பிளக் கறுத்து ஈரமாகப் பளபளக்கும், அல்லது சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும். அந்தப் பொருக்கு ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால், அது பெரும்பாலும் இன்டேக் வால்வு பக்கமாகத்தான் இருக்கும். ஒரு சிலிண்டரில் மட்டும் இப்படி என்றால், முழு இன்ஜினையும் பிரிக்கச் சொல்பவரிடம் அந்தப் பிளக்கையே காட்டிக் கேளுங்கள்.

பிளக் வெளியே இருக்கும்போதே சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் போடச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், பெட்ரோல் சப்ளையையும் இக்னிஷனையும் துண்டித்திருக்க வேண்டும். நாலு எண்ணும் ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று குறைந்தால் அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி எடுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர். ஏறாவிட்டால் கசிவு வால்வு பக்கம், இல்லையென்றால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கான ஹெட் கேஸ்கெட்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. கம்ப்ரெஷன் நன்றாக இருந்தால் ரிங் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. பிஸ்டனில் மேல் இரண்டும் கம்ப்ரெஷன் ரிங், கீழே இருப்பது ஆயிலை வழித்துவிடும் ரிங். காலம் தாழ்த்தி ஆயில் மாற்றிய வண்டியில் அந்தக் கீழ் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டுவிடும். கேஜில் எண் அருமையாக வரும், ஆயில் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். பழைய உரிமையாளர் எப்படிப் பராமரித்தார் என்று தெரியாத உங்கள் வண்டியில் இதற்கும் வாய்ப்பு உண்டு. கரி இளக்கும் திரவத்தைப் பிளக் துளை வழியாக ஊற்றி ஊறவைத்தால் சில வண்டிகளில் ரிங் விடுபடும். பலன் உறுதியில்லை, ஆனாலும் பிரிப்பதற்கு முன் செய்து பார்க்கலாம். ஊறவைத்த திரவத்தைப் பிளக் துளை வழியாகவே வெளியேற்றி, ஆயிலையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் பிசிவி வால்வைப் பாருங்கள், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு அது. டேப்பட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) பக்கம் இருக்கும் சின்ன உருப்படி, விலையும் கொஞ்சம்தான். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் ஆயிலை நேராக இன்டேக்குக்குள் இழுக்கும். அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பேக் கம்ப்ரெஷன் (ரிங் தேய்ந்து வாயு கீழே கசிவது) போலவே தெரியும். இதைப் பார்த்து 'ரிங் போச்சு' என்று சொல்லப்பட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன், மனசு கொதிக்கும்.

ஒழுகவில்லை என்கிறீர்கள். டேப்பட் கவர் பேக்கிங்கில் கசிவது சூடான சைலன்சர் குழாயில் விழுந்து அங்கேயே எரிந்துவிடும், தரையில் சொட்டாது. டார்ச் அடித்துப் பாருங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு விஷயங்கள். மணலி, எண்ணூர் சாலைத் தூசு சாதாரணமல்ல. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் உடைந்து தூசு உள்ளே போனால் அது போரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஃபில்டருக்கு அப்பால் இருக்கும் சுத்தமான பக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள். இன்னொன்று, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்ததா என்று விற்றவரைக் கேளுங்கள். தண்ணீர் புகுந்து நின்ற இன்ஜினில் போர் துருப்பிடித்து ரிங் கெட்டிருக்கலாம். அப்படியென்றால் நான் மேலே சொன்ன சந்தேகம் மாறும்.

சீல்தான் என்று தெரிந்தால், பல இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே மாற்றலாம். பிளக் துளை வழியாகக் காற்றடித்து வால்வு கீழே விழாமல் நிறுத்திவிட்டுச் செய்வார்கள். வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இருந்தால் புது சீல் சீக்கிரமே போகும்.

அதுவரை வாரம் ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். அது ஆயில் அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரியும்போது பேரிங் அடிவாங்கத் தொடங்கியிருக்கும்.

எல்லாம் பார்த்தும் இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்றால், துளையின் அளவு எடுக்கும் போர் கேஜ் வைத்து நாலு சிலிண்டரின் அளவையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அளவு கம்பெனி சொன்ன வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் (சிலிண்டர் சுவரை லேசாக உரசிச் சீராக்குவது) செய்து புது ரிங் போட்டாலே போதும். வரம்பைத் தாண்டியிருந்தால் மட்டும் ரீபோருக்குச் சம்மதியுங்கள்.