கடற்கரை மணல்மேட்டில் தாழை வளர்க்க வேண்டும். பழத்தை ஊன்றலாமா, போத்து (வெட்டி நடும் கிளை) வைக்கலாமா?

போத்துதான். பழம் சும்மா கிடக்கிறதே என்று பொறுக்கிப் போட்டால் முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் அது ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. மணக்கும் தாழம்பூ ஆணில்தான். பெண்ணில் அன்னாசி மாதிரிக் காய்தான் வரும். போத்து என்றால் தாய் எதுவோ அதுவே.

நீங்களும் என்னைப் போல ஆர்வக்கோளாறில் சித்திரையிலேயே அரிவாளோடு கிளம்பியிருப்பீர்கள். வேண்டாம். வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊரில் முதல் தடவை 40 போத்து வெட்டி, தோகையைக்கூடக் கழிக்காமல், அலைக்கு நேர் எதிரே குத்தி வைத்தேன். காற்று வாரிய மணல் பாதியை மூடியது, மீதியை வெயில் தின்றது. ஆவணியில் எண்ணினால் மூன்று.

மறுவருடம் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னபடி, விழுது விட்ட பக்கக் கிளையாகப் பார்த்து விழுதோடு வெட்டினேன். தோகையைப் பாதிக்கு மேல் நறுக்கிவிட்டேன்; வேரே இல்லாதபோது அத்தனை இலையும் தண்ணீருக்கு எங்கே போகும்? சாக்கில் மணலும் மக்கிய சாணமும் போட்டு இரண்டு மாதம் தென்னை நிழலில் வைத்தேன். ஐப்பசி மழையில் மணல் நன்றாக நனைந்த பிறகு, அடம்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து வைத்திருந்த இடத்துக்குப் பின்னால் நட்டேன். 30-ல் 25 நின்றது.

'சவுக்கு இருக்க இது எதற்கு' என்று சிலர் வருவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையிலும் சவுக்குதான் வைத்தார்கள். காற்றைத் தடுக்கிறது, விறகு தருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சருகுக்கு அடியில் அடம்பு தலைகாட்டுவதில்லை. தாழைப் புதரில் பாம்பு வருமா என்றால், வரும். விறகுக் கட்டிலும்தான் வருகிறது.

வெட்டும்போது கை பத்திரம், இலையின் இரண்டு ஓரத்திலும் நடு நரம்பிலும் முள். இந்த முள்ளைக் காட்டித்தான் ஒரு மினி பஸ் நடத்துநர் என் சாக்கை ஏற்ற மறுத்தார். அதே வண்டியில் இரண்டு ஆடு ஏறியது. கடைசியில் சாக்குக்கும் ஒரு முழு டிக்கெட் போட்டுக் கொடுத்தார், இன்னும் வைத்திருக்கிறேன்.