சைடிங் கணக்கில் யன்னலைக் கழிக்காதீர்கள்

கேள்வி: ஸ்காபரோவில் எங்கள் ஒருதள வீடு 40 அடிக்கு 28 அடி, சுவர் உயரம் 9 அடி. 3க்கு 5 அடியில் எட்டு யன்னல்கள், 16க்கு 7 அடி கராஜ் கதவு, 6க்கு 7 அடி பின்கதவு. இருபுறமும் கூரைமுகடு 7 அடி எழும்புகிறது. எல்லாம் கழித்தால் வெளிச்சுவரை மூடும் வினைல் சைடிங் (பிளாஸ்டிக் பலகை) 950 சதுர அடிதான் வருகிறது. வேலைக்காரர் 14 ஸ்கொயர் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லை, அவர் சரியாகத்தான் கேட்கிறார். ஒரு ஸ்கொயர் என்பது 100 சதுர அடி.

சுற்றளவு 136 அடி. 9 அடி உயரத்துக்கு 1,224 சதுர அடி. இதில் முகட்டுக்குக் கீழுள்ள இரண்டு முக்கோணங்களை விட்டுவிட்டீர்கள். ஒன்று 28 பெருக்கல் 7, அதில் பாதி 98. இரண்டும் சேர்ந்து 196. ஆக 1,420. கராஜ் கதவும் பின்கதவும் பெரியவை, அந்த 154ஐக் கழிக்கலாம். மிச்சம் 1,266.

யன்னல்களை மட்டும் தொடாதீர்கள். பலகை ஒன்று பன்னிரண்டரை அடி நீளம். அதன் அகலத்தில் 8 அங்குலம் சுவரில் தெரியும். யன்னலுக்கு அடியில் வரும் பலகையின் மேல்விளிம்பில் 3 அடி நீளத்துக்கு வெட்டி எடுக்கிறோம். அந்தத் துண்டில் ஆணித்துளை இருக்கும், கீழ்ப்பலகையில் கொளுவும் மடிப்பு இராது. வேறெங்கும் மாட்ட முடியாது. முக்கோணத்தின் சரிவில் விழும் துண்டுகள் பலவும் அப்படித்தான். யன்னல்களின் 120 சதுர அடிதான் இந்தச் சேதாரத்துக்கு ஈடு. 1,266க்கு 13 ஸ்கொயர். பெட்டிக்கு இரண்டு ஸ்கொயர் என்பதால் ஏழு பெட்டி, அதாவது 14.

பலர் மறப்பது ஓரப்பட்டிகளை. யன்னல், கதவு, முகட்டுச் சரிவு ஆகியவற்றைச் சுற்றி, பலகையின் வெட்டுமுனையை மறைக்கும் ஜே சானல் என்ற பட்டி ஏறத்தாழ 241 அடி வேண்டும். மூலை வெட்டுக்கும் சேர்த்து பன்னிரண்டரை அடியில் 22 வாங்குங்கள். அடியில் ஓடும் தொடக்கப்பட்டி, கதவுகள் போக 114 அடி; அதற்குப் பத்துப் பட்டி. வெளிமூலைகளுக்கு நான்கு மூலைப்பட்டி.

ஏழு பெட்டியையும் ஒரே தயாரிப்புத் தொகுதி எண் பார்த்து ஒரே நாளில் எடுங்கள். தொகுதி மாறினால் நிறம் சற்றே மாறி வெயிலில் தெரியும். மிஞ்சும் பலகைகளில் நான்கைந்தைக் கராஜில் படுக்கவைத்து வையுங்கள். கடுங்குளிரில் வினைல் விறைத்து, ஏணி இடித்தாலே வெடிக்கும். அப்போது அந்த நிறம் கடையில் இல்லாமல் போகலாம்.