இழைப்புளி வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மூன்றடிப் பலகைகளைக் கையாலேயே மட்டப்படுத்தப் பழக விரும்புகிறேன். மூன்று இழைப்புளிகள் கொண்ட தொகுப்பு தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா? (கும்பகோணம்)

பதில்: வேண்டாம். ஸ்டான்லி நிறுவனத்தின் வரிசையில் 5 என்று எண்ணிடப்படும், 14 அங்குல நீளமுள்ள இழைப்புளி ஒன்று போதும். அதன் பிளேடு முனையைச் சற்று வளைவாகத் தீட்டினால் குறுக்குவாக்கில் மேடுகளைக் கனமாகச் சீவித் தள்ளலாம்; நேராகத் தீட்டிய இன்னொரு பிளேடை மாற்றிப் பொருத்தினால் அதே இழைப்புளி நீளவாக்கில் வழவழப்பாக இழைத்துத் தரும். தள்ளுபடித் தொகுப்பு ஒன்று என் வீட்டுப் பரணிலும் கிடக்கிறது. அதில் இன்றுவரை பயன்பட்டது பெட்டி மட்டுமே.

கேள்வி: இணையத்தில் வாங்கிய இழைப்புளியின் அடிப்பரப்பு, பிளேடு வெளியே நீளும் திறப்பான வாய்க்கருகே குழிந்திருக்கிறது. உறையைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர். (திருநெல்வேலி)

பதில்: தவறு உங்களுடையது அல்ல. உறையைப் பிரிக்காமல் அடிப்பரப்பைப் பார்க்கும் வித்தையை அவரே சொல்லித் தரட்டும். வாயின் முன்விளிம்பு மரத்தை அழுத்திப் பிடிக்காவிட்டால் மெல்லிய சுருள் வராது, நார் பிய்ந்துகொண்டு வரும். எனவே இது பயன்பாட்டையே கெடுக்கும் குறைதான். எஃகு அளவுகோலை அடிப்பரப்பில் நிமிர்த்தி வைத்து, குழிவுக்குள் ஃபீலர் கேஜின் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) தகடு நுழைவதைப் படம் எடுத்து, எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனையாளருக்குக் கட்டளையிடுகின்றன. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை.

கேள்வி: பலகையின் இரண்டு முகங்களையும் மட்டமாக இழைத்தேன். ஆனால் ஓர் ஓரம் 22 மி.மீ., மறு ஓரம் 18 மி.மீ. இருக்கிறது. விலை உயர்ந்த இழைப்புளி வாங்கியும் அப்படியே வருகிறது. (ஈரோடு)

பதில்: முதல் இழைப்புளியிலும் குறை இல்லை, இரண்டாவதை வாங்கத் தேவையும் இருக்கவில்லை. பலகையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு நேரான குச்சியைக் குறுக்கே வைத்துக் கண்ணளவில் முறுக்கைப் பார்த்து, முதலில் ஒரு முகத்தை மட்டும் மட்டமாக்க வேண்டும். அந்த முகத்தில் மார்க்கிங் கேஜை (ஒரே தூரத்தில் கோடு கீறும் கருவி) அணைத்து, நான்கு விளிம்புகளிலும் வேண்டிய கனத்துக்குக் கோடு கீறி, மறுமுகத்தை அந்தக் கோடு வரை இழைக்க வேண்டும். மார்க்கிங் கேஜின் விலை இழைப்புளி விலையில் சிறு பகுதிதான். அதைக் கடையிலேயே கேட்டிருக்கலாம்.

கேள்வி: நன்றாகக் காய்ந்த தேக்கு என்று சொல்லி விற்ற பலகையை மட்டமாக இழைத்து வைத்தேன். மறுநாள் காலையில் வளைந்துவிட்டது. (நாகர்கோவில்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், இதைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் மரக்கடைகள் மாறுவதாக இல்லை. கன அடிக் கணக்கில் விற்கும்போது ஈரமான மரமும் காய்ந்த மரமும் ஒரே விலைக்குப் போவதால், பலகைகளை மாதக்கணக்கில் அடுக்கிக் காய வைக்கும் செலவை ஏற்கக் கடைக்காரருக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை; அந்தச் செலவு உங்கள் தலையில் வந்து விழுகிறது. மேற்பரப்பு காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பலகையின் ஒரு முகத்தைச் சீவினால், ஈரம் அந்தப் பக்கமாக வேகமாக வெளியேற, அந்த முகம் சுருங்கிப் பலகை குழிகிறது. ஈரமானி வைத்திருக்கும் கடைக்காரர்களும் பலகையின் நுனியில்தான் ஊசியைக் குத்திக் காட்டுவார்கள், ஏனெனில் நுனிதான் முதலில் காய்கிறது. நுனியிலிருந்து ஓரடி உள்ளே அறுத்து, புதிதாகத் தெரியும் வெட்டுமுகத்தின் நடுவில் குத்தச் சொல்லுங்கள்; அறுக்க மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். வீட்டுச் சாமான்களுக்கு 12 சதவீதத்தை ஒட்டிய ஈர அளவு நல்லது, அந்த எண்ணைப் பில்லிலும் எழுதி வாங்க வேண்டும். தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் வாய்ச்சொல்லை மெய்ப்பிப்பது கடினம். அந்தப் பலகையைத் துண்டுக் குச்சிகளின் மேல் இருபுறமும் காற்றுப் படும்படி சில வாரங்கள் வைத்திருந்து, பிறகு இரு முகங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு இழைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரு அங்குலப் பலகை இழைத்த பிறகு முக்கால் அங்குலமாகிவிட்டது. கடைக்காரர் மோசடி செய்தாரா? (வேலூர்)

பதில்: இல்லை. ஒரு அங்குலம் என்பது இழைப்பதற்கு முன், அறுத்த அளவு.

கேள்வி: மில்லில் கூலி கொடுத்துத் திக்னஸரில் (பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் இயந்திரம்) இழைத்தும் பலகை முறுக்கலாகவே வந்தது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (மதுரை)

பதில்: கேட்க முடியாது. நீங்கள் கேட்டது ஒரே சீரான கனம், அது கிடைத்திருக்கிறது. இயந்திரத்தின் உருளைகள் பலகையை அழுத்தி நேராக்கி உள்ளே அனுப்புகின்றன. வெளியே வந்ததும் அது பழையபடி முறுக்கிக்கொள்கிறது. அடுத்த முறை ஒரு முகத்தைக் கையால் மட்டமாக்கி, அதைக் கீழ்ப்பக்கமாக வைத்து அனுப்பச் சொல்லிக் கொடுங்கள்.